எழுபத்தைந்து கண்டவர்

பென்சில் கொடுத்திருக்கிறார்கள். ஐம்பத்தேழு வயசுக்காரன் கையில் பென்சில், அதன் தலையில் ரோஸ் கலரில் ரப்பர், எழுதி எழுதி அழித்துக்கொள் என்று. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்து வாசலை விட்டு இறங்கினவனைத் திரும்பக் கூப்பிட்டு பெஞ்சில் உட்காரவைத்த மாதிரி இருக்கிறது. வேட்பாளர் நேர்காணல் என்று சொல்லித்தான் வரச் சொன்னார்கள். நேர்காணல் எனக்குப் புதுசு இல்லை, இது மூன்றாவது தடவை. தலைவர் முன்னால் போய் நிற்க வேண்டும், தொகுதியில் நம்ம ஆட்கள் எத்தனை, எதிரே யார் நிற்பான், உள்ளடி வேலை யார் செய்வான், நாலு கேள்வி, நாலு பதில், ஒரு கும்பிடு, வெளியே வா. இரண்டு தடவையும் கும்பிட்டு வெளியே வந்ததோடு சரி. பருத்திமேடு தொகுதி இந்தத் தடவையும் கைக்கு வராவிட்டால் அடுத்த தடவைக்கு எனக்கு அறுபத்திரண்டு, அப்போது எவன் கூப்பிடுவான். அதற்காகத்தான் பத்து வருசமாக வாயைக் கட்டி, கோபத்தைக் கட்டி, ஒன்றியக் கூட்டத்தில் நாற்காலியைத் தூக்காமல், எவன் சட்டையையும் பிடிக்காமல் இருக்கிறேன். இன்றைக்கு என்னவென்றால் பரீட்சைத் தாள். தேர்தல் வேலைக்குக் கட்சி ஒரு கம்பெனியை அமர்த்தியிருக்கிறதாம், அந்தக் கம்பெனி கேட்கிறதாம். கேள்வி மூன்று. ஒன்று, அரசியலில் இடது என்றால் உங்களுக்கு என்ன, சொந்த வார்த்தையில் எழுதவும். இரண்டு, வலது என்றால் என்ன. மூன்று, கீழே உள்ள கோட்டில் நீங்கள் நிற்கும் இடத்தைக் குறிக்கவும். கீழே ஒரு கோடு. இடது கோடியில் பூஜ்யம், வலது கோடியில் பத்து. நடுவில் ஐந்து. ஐந்தில் ஒரு புள்ளி வைத்தேன், வைத்த மாத்திரத்தில் அழித்தேன், அழித்த இடம் அழுக்காகப் பரவிக் கிடக்கிறது. என் டோக்கன் முப்பத்தொன்று. இப்போது இருபத்து மூன்று உள்ளே போயிருக்கிறது. மேலே ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கீழே ஒரு வாளி வைத்திருக்கிறார்கள், டொக், டொக் என்று ஒவ்வொரு சொட்டும் என் நெற்றிப்பொட்டில் விழுகிற மாதிரி. வெள்ளைச் சட்டை போட்ட நூறு பேர் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறோம். வீட்டில் என் பெண்டாட்டி பேச்சியம்மாள் பார்த்தால் ஒரு வாரம் சிரிப்பாள்.

பக்கத்தில் ஆரணிக்காரர், கஜபதி என்று பெயர் சொன்னார், அகலமான ஆள், என் நாற்காலியிலும் கால்வாசி அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். "இன்னாங்க இது, லெப்ட்டு ரைட்டுன்னு, நாம இன்னா போலீசுக்கா ஆள் எடுக்க வந்திருக்கோம்? எங்க பக்கம் லெப்ட்டுன்னா செவப்புத் துண்டு, ரைட்டுன்னா காவித் துண்டு. நம்ம கிட்ட ரெண்டும் கெடையாது. நான் பாட்டுக்கு நடுவுல குத்திட்டேன்." பின்னாலிருந்து ஒரு குரல், "சாமி கும்பிடாதவன் இடது, கும்பிடுறவன் வலதுங்க, அவ்வளவுதான்." "அப்ப வீட்டுல கும்பிட்டுட்டு மேடையில கும்பிடாதவன்?" "அவன் அஞ்சு." சிரிப்பு. இன்னொருத்தன், "இலவசமா குடுத்தா இடது, ரோடு போட்டா வலது." "ரோட்டுக்கு மட்டும் ஜனங்க கிட்டயா காசு வாங்கப் போறீரு?" மறுபடி சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கஜபதி குரலைத் தாழ்த்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், "அதெல்லாம் கிடக்கட்டும், தலைவர் எந்த நம்பர்ல இருக்கார்? அதைச் சொல்லுங்க மொதல்ல." டொக். டொக். அதுதானே கேள்வி. அவர் நிற்கிற இடத்தில் நின்றால் உரசுகிறான் என்பார்கள், தள்ளி நின்றால் விலகுகிறான் என்பார்கள். யாரோ சொல்லிவிட்டான், நாலுக்கு மேலே போகாதீங்க, இந்த எலெக்சன்ல நாம ஏழைங்க பக்கம். அது வரிசை வரிசையாகப் பரவியது, தலைகள் குனிந்தன, ரப்பர்கள் தேய்ந்தன. இரண்டு வரிசைக்கு முன்னால் வக்கீல் தாமோதரன். எங்கள் ஊர்க்காரன், என் தொகுதியையே கேட்டு வந்திருப்பவன், டோக்கன் முப்பது, எனக்கு ஒன்று முன்னால். அவன் மட்டும் நிமிரவே இல்லை, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதிக்கொண்டிருக்கிறான். பேனாவை வைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான், பேனா, அவனிடம் சொந்தமாகப் பேனா இருக்கிறது. "என்ன வெயிலுமுத்து அண்ணே, வெறுந்தாளா இருக்கு? பிரெஞ்சுப் புரட்சி சமயம் சபையில ராஜாவுக்கு வலப்பக்கம் உக்காந்தவன் ராஜா வேணும்னான், இடப்பக்கம் உக்காந்தவன் வேண்டாம்னான். அங்க தொடங்குச்சு எல்லாம்." "தம்பி, அவன் ஊர்ல நாற்காலி எந்தப் பக்கம் கிடந்துச்சுன்னு நான் எதுக்குப் பரீட்சை எழுதணும்?" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, வாசலில் நிற்கிற கம்பெனிப் பெண் திரும்பிப் பார்த்தாள். கழுத்து அட்டையில் மிருதுளா என்று இருக்கிறது. வெயிலுமுத்து, வாயைக் கட்டு. இன்னும் ஒரு மணி நேரம் கட்டு.

இடது என்றால் என்ன. எனக்குத் தெரியாதா. தெரியும். எழுத வரவில்லை. நான் பார்த்த இரண்டு பக்கமும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கிறது. மண்டியில் விலை பேசுகிறவன் வாயால் பேச மாட்டான். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்வோம், மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம், விரலைப் பிடித்தால் எண். ஒரு விரல் பத்து, அஞ்சையும் சேர்த்துப் பிடித்தால் ஐம்பது, ஒரு விரலில் பாதி வரைக்கும் பிடித்தால் அஞ்சு. சுற்றி நூறு பேர் நிற்பான், மேலே எங்கள் முகம் மட்டும்தான் தெரியும், வெயில் எப்படி, மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததா என்று ஊர்க்கதை ஓடும், கீழே ஒரு லாரி உளுந்து கைமாறிவிடும். அந்தக் கலையில் என்னை மிஞ்ச எங்கள் சந்தையில் ஆள் இல்லை. பதினாலு வயதில் மூட்டை தூக்கப் போனவன், இருபதில் என் விரலுக்கு அர்த்தம் வந்துவிட்டது. ஒருத்தன் கூடுதலாகக் கேட்பான், ஒருத்தன் குறைத்துக் கொடுப்பான், எனக்கு அரசியல் என்றால் அந்த இரண்டு கைதான். நடுவில் முடித்து வைக்கிறவன்தான் தலைவன். அப்படித்தானே நான் தலைவன் ஆனேன். பருப்பு மண்டி வேலைநிறுத்தம், அன்றைக்கு எனக்கு இருபத்தாறு. அப்போதெல்லாம் மூட்டை நூறு கிலோ. லாரியில் சாய்த்துப் போட்ட பலகையில் நூறு கிலோவை முதுகில் வைத்து இறங்க வேண்டும், பலகை வளைந்து நெளிந்து கொடுக்கும், மூச்சு காதுக்குள் இரையும். ஐம்பதாகக் குறை என்று செங்கொடித் தோழர் ஞானசிகாமணி எங்களை உட்காரவைத்தார். பதினெட்டு நாள். முதலாளிமார் பக்கம் அம்பலவாண அண்ணாச்சி. பதினெட்டாம் நாள் தோழர் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி என்னைக் கடைக்குள் கூப்பிட்டுக் கையை நீட்டித் துண்டைப் போட்டார். நான் வெளியே வந்து சொன்னேன், எழுபத்தைந்து. நூறுக்கும் ஐம்பதுக்கும் நடு. ஒரு கிராம் அந்தப் பக்கம் இல்லை, ஒரு கிராம் இந்தப் பக்கம் இல்லை. கைதட்டல் கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. தோழர் மட்டும் மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து என் போஸ்டரில் அதுதான் பட்டம், எழுபத்தைந்து கண்டவர். இன்றைக்குக் கீழே வேனில் கட்டியிருக்கிற பேனரிலும் அதுதான். இருபத்தாறு. இருபத்தாறாம் டோக்கன் கூப்பிட்டாயிற்று. எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு வரலாம் என்று பார்த்தால், போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால். கால் தானாக ஆடுகிறது, கஜபதி நாற்காலியும் சேர்ந்து ஆடுகிறது, அவர் என் முழங்காலைப் பார்க்கிறார்.

செல் நடுங்கியது. மாடக்கண்ணு, என்னோடு மண்டியில் மூட்டை தூக்கினவன், கீழே தெருவில் என் ஆட்களோடு நிற்கிறான். எடுக்காவிட்டால் எடுக்கிற வரைக்கும் அடிப்பான். வாயைப் பொத்திக்கொண்டு, என்னடே என்றேன். "உள்ள போயிட்டியா?" "இல்ல, பரீட்சை எழுதுதேன்." "விளையாடாத. இங்க வெயிலு மண்டையைப் பிளக்கு, நம்ம பயலுவ மோர் கேக்கானுவ, வாங்கிக் குடுத்துட்டேன்." "நீ எதுக்கு வெயில்ல நிக்க, வேனுக்குள்ள போய் இரு." "வேன்ல உக்காந்தா முதுகு மடங்கிக்கிடும்டே, பெறவு எவன் நிமித்துவான். நின்னாத்தான் கொஞ்சம் சொகம்." நின்றால் சுகம். அவன் நிற்பது யாருக்காவது நிற்பது மாதிரி தெரியுமா, தரையில் விழுந்த சில்லறையைத் தேடுகிற மாதிரித்தான் முப்பது வருசமாக நிற்கிறான். எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன். "ஏ மாடக்கண்ணு, அரசியல்ல இடதுன்னா என்னடே, வலதுன்னா என்ன?" "இதையா கேக்கானுவ? என்னத்தையாவது எழுதிட்டு வா. பேசி முடிக்கதுக்கு உனக்குச் சொல்லியா குடுக்கணும்? எழுபத்தஞ்சு முடிச்ச கைதானடே அது." பிறகு போனை விலக்கிக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ சொல்கிறான், பெருமையாகச் சொல்கிறான், "இவன் மட்டும் அன்னைக்கு இல்லேன்னு வையி, நாங்க இன்னும் நூறுதான் தூக்கிட்டுக் கிடந்திருப்போம்." போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகும் காதில் சூடு. பென்சில் தலை வாய்க்குள் இருந்திருக்கிறது, ரப்பர் பிய்ந்து பல்லுக்கிடையில் மண் மாதிரி. துப்ப இடம் இல்லை. விழுங்கினேன்.

மழை பெய்து பலகை நனைந்திருந்தது. அது யார் குற்றம். எழுபத்தைந்து முடித்து ஒன்றரை வருசம் கழித்து, ஒரு புரட்டாசி மாதம், மாடக்கண்ணு துவரை மூட்டையோடு பலகையில் பாதி இறங்கியவன் வழுக்கினான், மூட்டை அவன் மேல், அவன் கல்தரை மேல். நனைந்த பலகையில் அறுபது கிலோ என்றாலும் வழுக்கத்தான் செய்யும். அறுபது. ஏன் அறுபது என்று வருகிறது, ஐம்பது என்று சொல்ல வேண்டியதுதானே, தோழர் கேட்டது ஐம்பதுதானே. இருபத்தெட்டு கூப்பிடுகிறார்கள். ஆசுபத்திரியில் டாக்டர் சொன்னார், பதினைந்து கிலோ குறைந்திருந்தாலும் எலும்பு தப்பித்திருக்கும் என்று, எல்லாரிடமும் சொல்கிற மாதிரித்தான் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவருக்கு என்ன தெரியும், துண்டுக்கு அடியில் நடந்தது எவனுக்கும் தெரியாது. சும்மா கணக்குக்கு ஒரு எண்ணைச் சொன்னார். பதினைந்து. எழுபத்தைந்தில் பதினைந்து போனால். சரி. சரி, சொல்லிக்கொள், இங்கே எவனுக்குக் கேட்கப்போகிறது, கஜபதிக்குத் தூக்கம் வந்துவிட்டது. அண்ணாச்சி கை வேர்த்திருந்தது அன்றைக்கு. பதினெட்டு நாளில் அவருடைய சரக்கு பாதி புழுத்துவிட்டது, அது எனக்குத் தெரியும். பார்வை என் முகத்தில், உங்க அம்மைக்குக் காய்ச்சல்னாகளே தேவலையா என்று கேட்டார், கீழே என் அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடித்தார், விட்டார், ஒரு விரலைப் பிடித்தார். அறுபது. அவராகவே வந்துவிட்டார் அறுபதுக்கு. நான் கையை உதறி, சரி என்று துண்டை எடுத்திருந்தால் முடிந்தது, இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தால் ஐம்பத்தைந்துக்கும் வந்திருப்பார். நான் உதறவில்லை. என் கை அங்கேயே கிடந்தது. கை கிடந்தால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு, பேசுகிறவன் தனக்கு ஏதோ கேட்கிறான் என்று, மண்டியில் எல்லாருக்கும் தெரிந்த அர்த்தம். அண்ணாச்சி கட்டைவிரலால் என் உள்ளங்கையில் ஒரு தடவு தடவினார். உனக்கு என்ன வேணும். அதற்குப் பிறகு அஞ்சு விரலும் சேர்த்து, மறுபடி இரண்டு விரல், மூன்றாவதில் பாதி. அதை யார் பிடித்தது, அவரா, நானா. நான். நான்தான் பிடித்துக் காட்டினேன், எழுபத்தைந்து, நடு, பார்க்கிறவனுக்கு நியாயமாகத் தெரியும், ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான். அடுத்த மாதம் நான் மண்டி மேஸ்திரி, அடுத்த வருசம் பதினேழாம் நம்பர் கடை என் பேரில். மூட்டை தூக்குவதை அன்றோடு விட்டேன். மாடக்கண்ணு விடவில்லை.

இருபத்தொன்பது. டொக். வக்கீல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்கிறான், முப்பது அவன். கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடலாமா. கிழித்தால் இன்னொரு தாள் கொடுப்பாள் அந்தப் பெண், புதுப் பென்சிலோடு. எனக்கு என் மேல் வருகிற கோபம் எப்போதும் அடுத்தவன் மேல்தான் போய் விழும், இங்கே விழ ஆள் இல்லை, தூங்குகிற கஜபதியை எழுப்பி அடிக்கவா முடியும். அட்டையை மடியில் நிறுத்தி எழுத ஆரம்பித்தேன், எழுத்து கோணல், அழுத்தினதில் தாள் ஓரிடத்தில் கிழிந்தது. இடது என்றால், மூட்டை எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று அதைத் தூக்குகிறவன் சொல்வது. வலது என்றால், தூக்காதவன் சொல்வது. அவ்வளவுதான். இதற்குப் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. படித்துப் பார்த்தேன், நான் எழுதியதா என்று இருந்தது, நல்லதொரு பேரம் படிந்த மாதிரி உடம்பு லேசாகிவிட்டது. பிறகு கோடு. நாலு போடச் சொல்கிறார்கள். நாலு போட்டால் தொகுதி, போஸ்டர், சட்டசபை, மாடக்கண்ணு கழுத்தை நிமிர்த்த முடியாமல் கண்ணை மட்டும் உயர்த்தி என்னை எம்.எல்.ஏ. என்று கூப்பிடுவான். தாளில் நான் எங்கே நிற்கிறேன் என்றுதான் கேட்டிருக்கிறது, எங்கே நின்றால் சீட்டு கிடைக்கும் என்று கேட்கவில்லை. எழுபத்தைந்தைச் சொன்ன அன்றைக்கு என் முதுகில் ஒரு மூட்டையும் இல்லை. பென்சிலை வலது கோடிக்குக் கொண்டுபோய்ப் பத்தில் ஊன்றினேன், முனை ஒடிகிற வரைக்கும் ஊன்றினேன். இனிமேல் அழிக்க என் பென்சிலில் ரப்பரும் இல்லை. நல்லதாகப் போயிற்று.

"டோக்கன் முப்பத்தொண்ணு." வக்கீல் வெளியே வருகிறான், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவனும் துண்டுக்கு மேலே முகத்தைப் பழக்கிவைத்திருக்கிறவன்தான். கதவருகே மிருதுளா தாளை வாங்கினாள். படித்தாள். முதல் கேள்வியைப் படித்தபோது அவள் புருவம் ஏறியது, இன்னொரு தரம் படித்தாள், என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இந்த வெள்ளைச் சட்டைக் கூட்டத்தில் காலையிலிருந்து எவனையும் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். கோட்டுக்கு வந்ததும் நின்றாள். "அங்கிள், பத்துன்னு போட்டிருக்கீங்க." "ஆமா." "தெரிஞ்சுதான் போட்டீங்களா? மேல இவ்வளவு நல்லா எழுதிட்டு இங்க பத்துன்னா, நீங்க அவங்க பக்கம்னு ஆயிடும். உள்ள இதைத்தான் மொதல்ல பாப்பாங்க. தப்பா விழுந்திருந்தா சொல்லுங்க, அழிச்சிடறேன். அஞ்சு போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." அவள் கையில் புது ரப்பர், வெள்ளையாக, சோப்புக் கட்டி மாதிரி. ஜன்னலுக்குக் கீழே தெருவில் என் ஆட்கள் கோஷத்தைத் தொடங்கிவிட்டார்கள், மாடக்கண்ணு குரல்தான் முன்னால், மடங்கின நெஞ்சிலிருந்து அவ்வளவு சத்தம் எப்படி வருகிறது அவனுக்கு, எழுபத்தைந்து கண்டவர் என்கிறான் அவன், வாழ்க என்கிறார்கள் மற்றவர்களெல்லாம். கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே நீளமான மேசை, அதற்குப் பின்னால் தலைவருடைய மூக்குக்கண்ணாடி மின்னுகிறது, வரச் சொல்லு என்று யாரோ கையைக் காட்டுகிறார்கள். வேண்டாம்மா, தெரிஞ்சுதான் போட்டேன், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தேன். என் வலது கை தோளிலிருந்த துண்டுக்குள் எப்போது போய்ப் புகுந்துகொண்டது என்று தெரியவில்லை.

"அஞ்சும் வேண்டாம், பத்தும் வேண்டாம்மா," என்றேன். "ஏழரைன்னு வச்சுக்க."